கட்சி சேராத காது

கணவனும் மனைவியும் பிணங்கிக்கொண்டால் நடுவில் யார் யார் பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியர் ஒரு பட்டியல் தருகிறார். கற்பியலில் வரும் வாயில்கள் பன்னிரண்டு. தோழியும் தாயும் உண்டு. பாணனும் கூத்தரும் விறலியரும் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தினரும் உண்டு. கடைசியில் நிற்கும் இருவர் அறிவரும் கண்டோரும். அறிவருக்கு இடித்துரைக்கும் உரிமை உண்டு, தலைவனும் தலைவியும் அவர் சொல்லுக்கு அடங்கி நிற்பார்கள் என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. கண்டோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். உறவுமில்லை, ஊழியமுமில்லை, பார்த்தவர்கள், அவ்வளவுதான். அவர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது.

சங்கப் பாடல்களில் இந்த வாயில்கள் பல நேரம் தோற்றுத்தான் திரும்புகிறார்கள். பரத்தை வீட்டிலிருந்து வரும் தலைவனுக்காகத் தூது பேச வந்த பாணனைத் தலைவி வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள். இனிக்க இனிக்கப் பேசுகிறவன்தான். ஆனால் அவன் யாருடைய சோற்றைத் தின்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும். வாயில் மறுத்தல் என்று இதற்குத் தனித் துறையே வகுத்திருக்கிறார்கள். வீட்டுச் சண்டையில் சமாதானம் பேச வருகிறவர் யாருடைய ஆள் என்ற சந்தேகம் அவ்வளவு பழையது.

இணையவழி மனநல ஆலோசனை இத்தனை வேகமாகப் பரவியதற்குக் காரணமாகப் பலரும் தொழில்நுட்பத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய சந்தேகம்தான் முதன்மையான காரணமாகத் தெரிகிறது. சமையலறையை ஒதுக்கிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசும் பெண், அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசும் ஆண், வளைகுடா நாட்டில் நாலு பேர் படுக்கும் அறையிலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பேசும் தொழிலாளி என எல்லோரும் தேடுவது ஒரு திறமைசாலியை மட்டும் அல்ல. தன் வீட்டில் யாரையும் தெரியாத ஒருவரை. மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, பத்தாவது படிக்கும் மகன் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, தம்பிக்கு வாங்கிக்கொடுத்த கடன் கழுத்தை நெரிக்கிறது, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. இவை நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நம்மிடையே, நோயாகாத இந்தத் துன்பங்களுக்கென்று போய் உட்கார ஒரு திண்ணை இருந்ததில்லை.

கூட்டுக் குடும்பத்தில் இருந்ததே என்று உடனே பதில் வரும். ஆட்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் ஒவ்வொரு ஆளும் ஏதாவது ஒரு பக்கத்து ஆள். அம்மாவிடம் சொன்னால் "பொறுத்துப் போம்மா, நாங்க பொறுக்கலையா" என்பாள். அவளுக்கு அடுத்த பெண்ணின் கல்யாணம் பாக்கி. நாத்தனாரிடம் சொன்னால் இரவுக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். பெரியப்பா வந்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போவார். வயசான ஆத்தா ஒருத்தி எதுவும் பேசாமல் தலையைத் தடவிக்கொடுத்த வீடுகளும் இருந்தன. அப்படி ஓர் ஆத்தா வாய்ப்பது அவரவர் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ஏற்பாடு என்று சொல்லக்கூடாது.

அந்நியரிடம் மனசைத் திறப்பது தமிழருக்குப் புதிதுமல்ல. தினமலர் வாரமலரின் 'அன்புடன் அந்தரங்கம்' பகுதிக்கு எழுத்தாளர் அனுராதா ரமணன் பல ஆண்டுகள் பதில் எழுதினார். 2010-இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பகுதி தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியோடு அதை வாசித்த வீடுகளில், தன் கதை அதில் வந்துவிட்டதோ என்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். பெயர் போடாமல் எழுதலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம், அஞ்சல்பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். விஜய் தொலைக்காட்சியின் 'புதிரா புனிதமா'வில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் தாம்பத்தியம் பற்றிய கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே விடை சொன்னபோது, கதவைச் சாத்திவிட்டுப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. முகம் தெரியாத ஒருவரிடம் கேட்பதில் உள்ள விடுதலையை இந்த இரண்டும் நமக்குக் காட்டிக்கொடுத்தன.

கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் ஏற்படுத்தின. கேள்வி என்றால் பதில் வர வேண்டும். வழக்கு என்றால் தீர்ப்பு வர வேண்டும். பின்னால் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அந்தப் பழக்கத்தை முழுப் பஞ்சாயத்தாகவே ஆக்கின. நடுவில் ஒரு நாட்டாமை, இரண்டு பக்கமும் அழும் கட்சிகள், இடையிடையே விளம்பரம். அறிவரின் இடித்துரைக்கும் உரிமையை அந்த நாற்காலி எடுத்துக்கொண்டது. அறிவரிடம் இருந்திருக்க வேண்டிய நிதானத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலோசகரின் முதல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இணைப்பு கிடைத்துக் கால்மணி நேரத்துக்குள் பெரும்பாலான உரையாடல்கள் "நீங்களே சொல்லுங்க மேடம், யார் மேல தப்பு?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். நல்ல ஆலோசகர் அதற்கு விடை சொல்ல மாட்டார். அந்த வார்த்தை அவர் பேசியபோது உங்களுக்கு என்ன செய்தது, அன்றைக்கு வேறு என்ன நடந்திருந்தது, இதற்கு முன் இப்படி நேர்ந்தபோது என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார். முதல்முறை வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். காசு கொடுத்தோம், ஒன்றுமே சொல்லவில்லையே என்று தோன்றும். இரண்டாவது, மூன்றாவது அமர்வில்தான், யாரும் குறுக்கிடாமல் தன் வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து எத்தனை காலம் ஆயிற்று என்பது அவருக்கே உறைக்கும்.

இந்தக் கேட்டல், பட்டம் பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வித்தை அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. லண்டனில் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தின் பாதிரியார் சாட் வாரா, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தன்னை அழைக்கலாம் என்று 1953-இல் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர்களை அமர்த்தினார். அவர்களோடு பேசிக்கொண்டிருந்த பலர், பாதிரியாரைப் பார்க்கவே தேவையில்லை என்று எழுந்து போய்விட்டதை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டே அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி வளர்ந்தது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவும் அதே வழியில் வந்ததுதான். அங்கே தொலைபேசியை எடுக்கும் தன்னார்வலர் அறிவுரை சொல்வதில்லை. அழைத்தவர் பேசி முடிக்கும்வரை இருக்கிறார்.

திரைவழி ஆலோசனை இதற்குப் பின்னால் வந்தது, அதுவும் முதலில் நகரத்துக்காக வரவில்லை. 2010-இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு திரை. அதன் மறுமுனையில் தொலைவிலிருந்த மனநல மருத்துவர். எழுதிக்கொடுத்த மாத்திரை அந்தப் பேருந்திலேயே கிடைத்தது. மருத்துவரைத் தேடிப் பேருந்து ஏற முடியாதவர்களிடம் பேருந்தே போய் நின்றது. பத்தாண்டு கழித்து, 2020 மார்ச் 25-இல், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணோடு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இடையில் தனியார் செயலிகளும், தனித்து இயங்கும் ஆலோசகர்களும் பெருகினார்கள். டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துச் சென்னை ஆலோசகரிடம் நேரம் வாங்குகிறாள். அங்கே ஆலோசகர்கள் இல்லாமல் இல்லை. "எங்க மாமியார் வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பாத்திரத்தை வைக்கிற சத்தத்துலயே சொல்லிருவாங்க" என்பதை விளக்கவுரை இல்லாமல் புரிந்துகொள்ளும் ஒருவர் வேண்டும் அவளுக்கு.

பிள்ளை வளர்ப்புக்கான ஆலோசனையில் திரை இன்னொரு வேலையும் செய்கிறது. "பையன் போனும் கையுமாவே இருக்கான், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று மகனைத் திரைக்கு முன்னால் இழுத்து உட்காரவைப்பார்கள். அவன் கேமராவை அணைத்துவிடுவான். ஆலோசகர் பல நேரம் பையனை விட்டுவிட்டுப் பெற்றோரோடுதான் வேலையைத் தொடங்குவார். இதற்கு நூறாண்டைத் தாண்டிய முன்னோடி உண்டு. 'சின்ன ஹான்ஸ்' என்று ஃப்ராய்ட் எழுதிய ஐந்து வயதுச் சிறுவனுக்குக் குதிரை என்றால் பயம். சிகிச்சையை நடத்தியவர் பையனின் அப்பா. அவர் குறிப்பெடுத்துக் கொண்டுவருவார், ஃப்ராய்ட் வழிகாட்டுவார். அந்தச் சிகிச்சைக்காகப் பையனை ஃப்ராய்ட் பார்த்தது ஒரே ஒரு தடவை. அந்த ஆய்வின் முடிவுகளைப் பிற்காலத்தவர் கடுமையாக விமர்சித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் குழந்தையின் துன்பத்தைத் தொலைவிலிருந்து பெற்றோர் வழியாக அணுக முடியும் என்பதை அது அன்றே காட்டியது. பிரிட்டனில் குழந்தை மருத்துவர் வின்னிகாட் 1940-களில் பிபிசி வானொலியில் தாய்மார்களோடு பேசத் தொடங்கினார். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதை அவள் நம்பும்படி செய்தால் போதும் என்று நினைத்தார். நம் ஊரில் பெற்றோருக்கான அறிவுரை ரீல்களில் கொட்டிக் கிடக்கிறது. பாதித் தாய்மார்கள் அதைப் பார்த்துப் பார்த்தே தங்கள் மேல் இருந்த நம்பிக்கையை இழந்துவிட்டார்கள். அவர்களுக்குப் புதிதாகப் பத்து வழிகள் வேண்டாம். "நேத்து அவனை அடிச்சிட்டேன், ராத்திரி முழுக்கத் தூங்கல" என்று சொன்னதும் முகம் சுளிக்காத ஒருவர் வேண்டும்.

இத்தனை நன்மையும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: பேசுவதற்கு ஓர் இடம். அமர்வு தொடங்கும்போது ஆலோசகர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "தனியா இருக்கீங்களா, யாருக்காவது கேட்குமா?" இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது. குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார்கள். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, கேள்விகளுக்கு "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொல்கிறார்கள். வாயைத் திறக்க முடியாதவர்கள் தட்டச்சு செய்கிறார்கள்; முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். கணவருக்குக் கடவுச்சொல் தெரிந்த போனில் பேசும் பெண்ணுக்கு, ஆலோசனை முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வீடு கட்டும்போது பூஜையறைக்கும் வாகனத்துக்கும் இடம் ஒதுக்கும் நாம், ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் "உள்ள என்ன பண்ற?" என்று தட்டுகிறோம்.

கட்சி சேராமையும் எல்லா இடத்திலும் அறமாகாது. அடி விழும் வீட்டில் இரண்டு பக்கத்தையும் சமமாகக் கேட்பது அடிக்கிறவனுக்குச் செய்யும் உதவி. அங்கே வேண்டியது 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், போய்த் தங்க ஓர் இடமும். குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால் ஆலோசகர் ரகசியம் காக்க முடியாது. 2012-இன் போக்சோ சட்டப்படி அவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் ரகசியத்தை அவர் மீறலாம். முறையான ஆலோசகர் இதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுவார்.

வேறொரு எல்லையைப் பற்றி ஆலோசனை உலகம் அதிகம் பேசுவதில்லை. 2019-இல் ஒன்றியப் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இருநூறு நிமிட வித்தியாசம் மனச்சோர்வாகத் திரைக்கு முன்னால் வந்து உட்காரும்போது மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் அர்த்தமில்லை. அவளுக்கு ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டின் அநியாயத்தைப் பெண்ணின் மனப்பிரச்சினையாக மாற்றிக் கையில் கொடுக்கும் ஆலோசனை, "பொறுத்துப் போம்மா" என்ற பழைய வாக்கியத்தைத்தான் புதிய கலைச்சொற்களில் சொல்கிறது.

சொன்னது எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. பின்லாந்தின் வாஸ்தாமோ என்ற மனநலச் சிகிச்சை நிறுவனத்திலிருந்து பல்லாயிரம் பேரின் சிகிச்சைக் குறிப்புகள் களவுபோயின. 2020 அக்டோபரில், பணம் தராவிட்டால் வெளியிடுவேன் என்று அவர்களுக்கே நேரடியாக மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. நிறுவனம் அடுத்த ஆண்டு திவாலானது. திருடியவனுக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆலோசனைச் செயலி, பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக 2023-இல் அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட அது ஒப்புக்கொண்டது. நாத்தனார் காதுக்குப் பயந்து செயலிக்குப் போனவர்கள், செயலிக்கும் காதுகள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது ஆலோசகரையும் விட்டுவிட்டு நேராகச் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடமே பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இதுவும் முதல்முறை அல்ல. 1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற நிரல், நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பித் தரும், அவ்வளவுதான். அது எழுதப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலரே, அதோடு பேச உட்கார்ந்ததும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு அந்த அதிர்ச்சி வராது. கடலிடமும் நாரையிடமும் நண்டிடமும் நிலவிடமும் பேசும் தலைவியை நமக்குத் தெரியும். காமம் மிக்க கழிபடர்கிளவி என்று உரையாசிரியர்கள் இதைக் குறித்தார்கள். கேட்க முடியாதவற்றிடம் பேசினாலும் மனம் கொஞ்சம் ஆறும் என்பதை அந்தக் கவிகள் அறிந்திருந்தார்கள்.

வித்தியாசம் இதுதான்: கடல் பதில் சொல்லாது. இயந்திரம் சொல்லும், அதுவும் பெரும்பாலும் நமக்குப் பிடித்ததைச் சொல்லும். "உங்கள் கோபம் நியாயமானது" என்று மனைவியிடம் சொல்லும். அடுத்த அறையில் அதே இரவில் கணவரிடமும் சொல்லும். எந்நேரமும் கிடைக்கும், சலித்துக்கொள்ளாது, ஊர் முழுக்கச் சொல்லாது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. நள்ளிரவில் வேறு யாரும் இல்லாதவருக்கு இவை மிகப் பெரியவை. ஆனால் அது கட்சி சேருகிறது, பேசுகிறவர் கட்சியில். சங்கத் தலைவியின் கணக்கில் அது கடலல்ல, பாணன். நாம் சொல்லாமல் விட்டதை அதற்கு எட்டிப் பிடிக்கத் தெரியாது. குரல் கம்மியதும், "அதை விடுங்க" என்று பேச்சை மாற்றியதும் எழுத்தில் ஏறாது. மனித ஆலோசகர் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அந்த "அதை விடுங்க"வைத்தான்.

அந்த மனிதர் யார் என்பதில் எச்சரிக்கை வேண்டும். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவக் கழகத்தில். 'கவுன்சலர்' என்ற பலகையை மட்டும் வார இறுதி வகுப்புக்குப் போய்வந்தவரும் மாட்டிக்கொள்ள முடிந்தது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. என்றாலும் இன்றைக்கு விசாரித்துக்கொள்ளும் பொறுப்பு பேசப் போகிறவருடையதே. என்ன படித்தீர்கள், எங்கே பதிவு, நான் சொல்வதை எழுதிவைப்பீர்களா, அதை யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். இரண்டாவது அமர்விலேயே உங்கள் கணவர்மேல்தான் தப்பு என்றோ, மாமியாரை விட்டுத் தனியாகப் போங்கள் என்றோ தீர்ப்புச் சொல்கிறவரிடமும் வேண்டாம். அவர் பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆலோசனை குடும்பத்துக்கு மாற்று அல்ல. ஐம்பது நிமிடத்தில் கிடைத்த தெளிவை எடுத்துக்கொண்டு, ஆலோசனை பெற்றவர் திரும்பி வருவது அதே வீட்டுக் கூடத்துக்குத்தான். அங்கே இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மனைவியோ மகனோ அப்பாவோ கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ பேசினால், அது உங்களைப் பற்றியதாகவே இருந்தாலும், பேசி முடிக்க விடுங்கள். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று விசாரிக்காதீர்கள். அவராகச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதற்குப் பட்டமும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.